அம்மாவின் மறதி: பெட் ஸ்கேனுக்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் திறங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிவிட்டேன், மருத்துவ விவரங்களில் மட்டும் கை வைக்கவில்லை.

அவருடைய அம்மாவுக்கு 71 வயது, ஊர் திருப்பத்தூர் பக்கம். அப்பா காலமான பிறகு மூன்று வருடமாக மகளோடுதான் இருக்கிறார். சர்க்கரை 18 வருடமாக, பிபி பத்து வருடமாக. ஒன்றரை வருடமாக மறதி. முதலில் பெயர்கள் நழுவின, அப்புறம் ரசத்தில் இரண்டு தரம் உப்பு விழ ஆரம்பித்தது, பொங்கலுக்குப் பிறகு வேகமாக மோசமாகியிருக்கிறது. ஒரு மாதம் முன்பு சோமேஸ்வரர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் பத்து நிமிட நடையில் வழி தெரியாமல் ஒரு பூக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார், பூக்காரம்மாதான் போன் செய்திருக்கிறார். ஒரு கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை செய்ததில் 30க்கு 17. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'ஃபசேகாஸ் கிரேடு 2, எம்.டி.ஏ. ஸ்கோர் இரு பக்கமும் 2, வலது தலாமஸில் பழைய லாக்குனார் இன்ஃபார்க்ட்'. கிரியேட்டினின் 1.6, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். 34. ஞாபகத்துக்கு டோனபெசில் 5 மில்லிகிராம் ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. நடுவில் இணையத்தில் படித்துவிட்டு இவர்களாகவே அல்சைமரின் அடையாளத்தைத் தேடும் பி-டாவ் 217 என்ற ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள், 'வரம்பைவிடச் சற்று அதிகம்' என்று வந்திருக்கிறது.

இவர் கேட்பது: இது அல்சைமரா? கிட்னியைச் சரி செய்தால் ஞாபகம் திரும்புமா? டயாலிசிஸ் செய்தால் மூளை தெளிந்துவிடும், தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது என்று சித்தப்பா சொல்கிறாரே? அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா, அது இருக்கிற கிட்னியையும் கெடுத்துவிடுமா? புதிதாக வந்திருக்கும் ஊசி அம்மாவுக்கு உதவுமா? அலுமினியப் பாத்திரம்தான் காரணமா? கடைசியாக ஒரு வரி: "அம்மாவே என்னிடம் எனக்கு என்னடி ஆச்சு என்று கேட்கிறார், நான் என்ன சொல்வது?"

சகோதரி, முதலில் அந்த 17 மார்க்கைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கிறது. பரிசோதித்தவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டார், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தீர்கள், இது என்ன மாதம் என்றதற்கு அம்மா "ஆடி" என்றார், அதற்கு மார்க் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னது சரியான பதில். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது திணறினாராம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது, அதே அம்மா போன வருடம் வரை ஊர்ச் சீட்டுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தார் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். படிப்புக்கும் மொழிக்கும் ஈடு செய்யாத மார்க்கை வைத்து நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. தமிழ் தெரிந்த ஒருவர் தமிழிலேயே மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மூளை, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருக்கிறீர்கள், அங்கே பதிவு செய்யும்போதே "அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள்.

அதற்காக ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. பழகிய தெருவில் வழி தவறுவதும், பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மூன்று தரம் கேட்பதும் வயதின் மறதி இல்லை. நோய் இருக்கிறது. அதில் எவ்வளவு நிரந்தரம், எவ்வளவு நம்மால் விலக்கக்கூடியது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை டப்பா

நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பட்டியலைத்தான் ரிப்போர்ட்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும், கிளிமிபிரைடு 2 இரண்டு வேளை, பிபிக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின். கால் எரிச்சலுக்கு பிரிகாபாலின் 75 நார்ட்ரிப்டிலின் 10 சேர்ந்த மாத்திரை, முன்பு இரவு மட்டும், "எரிச்சல் தாங்காமல் பொங்கலிலிருந்து காலையும்". முட்டி வலிக்கு அவ்வப்போது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்.

பொங்கலிலிருந்து காலையும். மறதி வேகமெடுத்ததும் பொங்கலுக்குப் பிறகுதான். கடிதத்தில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு இது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

பிரிகாபாலின் கிட்டத்தட்ட முழுக்க கிட்னி வழியாகத்தான் வெளியேறும். இ.ஜி.எஃப்.ஆர். 34 என்றால் கிட்னி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது, அதிலும் அம்மா 48 கிலோதான். காலையில் போட்டது வெளியேறி முடிவதற்குள் இரவு மாத்திரை உள்ளே போகிறது. தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், யோசனை மந்தமாவது எல்லாம் இதனால் வரக்கூடியவை. நார்ட்ரிப்டிலின் விஷயம் இன்னும் முக்கியம். டோனபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது, நார்ட்ரிப்டிலின் அதே ரசாயனத்தின் வேலையைத் தடுப்பது. ஒரு கையால் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறுகையால் அடியில் துளை போடுகிறோம். ஞாபக மாத்திரை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படிச் செய்யும்?

இவற்றை இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபாலினைத் திடீரென நிறுத்தினால் அதுவே தொந்தரவு, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதை எழுதிக் கொடுத்த டாக்டர் செய்யட்டும். டைக்ளோஃபெனாக்கை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள், டெல்மிசார்டன் சாப்பிடுகிற, ஏற்கெனவே மந்தமான கிட்னிக்கு அது நேரடி அடி.

அடுத்தது சர்க்கரை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 வந்ததற்கு டாக்டர் பாராட்டினார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கவலைதான் வந்தது. இன்னொரு பக்கத்தில் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு வியர்வையில் நனைந்து எழுந்து, "பஸ் போயிடும்" என்று புடவை மாற்றிக்கொண்டு கதவருகே நிற்பதாகச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒரு தடவையாவது குளுக்கோமீட்டரில் பார்த்தீர்களா? கிட்னி மந்தமானால் கிளிமிபிரைடு உடம்பில் அதிக நேரம் தங்கும், உடம்பில் சுரக்கும் இன்சுலினும் மெதுவாகத்தான் கழியும், அதனால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து கூடுகிறது. அடிக்கடி தாழ்சர்க்கரை வருவது மூளைக்கு நல்லதே இல்லை. கிட்னி நோயோடு ரத்தசோகையும் இருந்தால் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் குறைவாகக் காட்டவும் கூடும், ஆகவே அதை மட்டும் நம்பவும் முடியாது. ஞாபகம் குறைந்துவரும் 71 வயதுக்காரருக்கு 7.5, ஏன் 8 வரைகூட இருக்கலாம் என்று தளர்த்துவதுதான் இன்று வழக்கம். மெட்ஃபார்மினும் இந்த இ.ஜி.எஃப்.ஆருக்கு ஒரு நாளைக்கு 1000க்கு மேல் போகக்கூடாது. வருடக் கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையும், அதுவும் மறதியைத் தரும், கால் எரிச்சலையும் தரும். பட்டியலில் பி12 பரிசோதனையே இல்லை.

ஸ்கேனில் இருப்பது

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. எம்.டி.ஏ. என்பது ஞாபகத்தைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 4 வரை போடும் மார்க். 75 வயதுக்குள் 2 என்றால் வயதுக்கு மிஞ்சிய சுருக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அல்சைமரில் இது வரும், ஆனால் அல்சைமரில் மட்டும்தான் வரும் என்றில்லை. ஃபசேகாஸ் என்பது மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் திட்டுகளுக்கு 0 முதல் 3 வரை போடும் மார்க். 2 என்றால் தனித்தனிப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. அதற்குக் காரணம் பெரும்பாலும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சேதம். தலாமஸில் இருக்கும் அந்தப் பழைய புள்ளியும் அதே குழாய் நோய்தான், யாருக்கும் தெரியாமல் வந்துபோன சின்ன ஸ்ட்ரோக்.

அதாவது உங்கள் கேள்விக்கு 'அல்சைமர்', 'அல்சைமர் இல்லை' என்ற இரண்டு பதில்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். இந்த வயதில் இரண்டும் கலந்திருப்பது மிகச் சாதாரணம். அம்மாவுக்கும் கலப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது காகிதத்தைப் பார்த்து எனக்குத் தோன்றுவது, நேரில் பார்ப்பவர் மாற்றிச் சொல்லலாம்.

கிட்னிக்கும் மூளைக்கும் என்ன உறவு

"கிட்னியின் விஷம் மூளைக்கு ஏறிவிட்டது" என்று சித்தப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முக்கியமான பகுதி அது இல்லை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. இரண்டு கிட்னியும் சேர்ந்து எடையில் ஒரு சதவீதம்கூட வராது, ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் அங்கே போகிறது. இரவும் பகலும் ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டிய உறுப்புகள் இவை இரண்டும். இரண்டிலும் மயிரிழை போன்ற குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளை பிரிகின்றன, மேல்தொட்டி இல்லாமல் மெயின் பைப்பிலிருந்தே குழாய் இழுத்த வீடு மாதிரி. அழுத்தம் கூடினால் முழு அடியும் அங்கேதான் விழும். பத்து வருட பிபியும் பதினெட்டு வருடச் சர்க்கரையும் கிட்னியில் என்ன செய்தனவோ அதையேதான் மூளையின் வெள்ளைப் பகுதியிலும் செய்திருக்கின்றன. கண்ணின் விழித்திரையும் இந்தக் குடும்பம்தான், ரெட்டினா பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள்.

2021இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு ஒன்றில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். கிட்னி வேலை குறையக் குறைய டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவது கூடியது, அந்தத் தொடர்பு அல்சைமரைவிட ரத்தக் குழாய் சார்ந்த டிமென்ஷியாவோடுதான் வலுவாக இருந்தது. கிட்னி கெட்டால் அல்சைமர் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது இந்த நுண்குழாய் சேதத்தின் ஆரம்ப அடையாளம், அது கசிகிறவர்களுக்கு மூளையில் திட்டுகளும் அதிகம் காணப்படுகின்றன. சில நூறு ரூபாய்ப் பரிசோதனை. உங்கள் ஃபைலில் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

டயாலிசிஸ்? சித்தப்பா பார்த்த மனிதர் உளறிக்கொண்டிருந்து டயாலிசிஸுக்குப் பிறகு தெளிந்தது நிஜமாகத்தான் இருக்கும். கிட்னி முழுக்கச் செயலிழக்கும்போது நாள் கணக்கில், வாரக் கணக்கில் வரும் குழப்பம் அது, கழிவு இறங்கினால் தெளியும். அம்மாவுடையது ஒன்றரை வருடக் கதை, 34 என்பது டயாலிசிஸ் பேச்சுக்கே இன்னும் வெகுதூரம். தவிர டயாலிசிஸ் நடக்கும் மணிநேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதை ஸ்கேனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தேவைப்படும்போது அது உயிர் காக்கும், ஞாபகத்துக்காகச் செய்கிற வைத்தியம் இல்லை.

அந்த ரத்தப் பரிசோதனை, பெட் ஸ்கேன், ஊசி

பி-டாவ் 217 நல்ல பரிசோதனைதான். ஆனால் கிட்னி மந்தமானவர்களுக்கு மூளையில் அல்சைமர் இல்லாமலேயே ரத்தத்தில் அது ஏறி நிற்கக்கூடும். 34 உள்ளவருக்கு 'சற்று அதிகம்' என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இதையே அமிலாய்டு 42 என்ற இன்னொரு புரதத்தோடு விகிதமாகப் பார்த்தால் கிட்னியின் தலையீடு குறைகிறது, 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ரத்தப் பரிசோதனை அப்படிப்பட்ட விகிதம்தான். லேப் கொடுத்த காகிதத்தில் "அல்சைமர் உறுதி" என்று யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்களே, அதை மறந்துவிடுங்கள்.

பெட் ஸ்கேன் கிட்னியைக் கெடுக்காது. செலுத்தும் மருந்து மிகச் சொற்பம், மூளை பெட்டுக்கு சி.டி. கான்ட்ராஸ்ட்டும் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு இடங்களில்: யாராவது கான்ட்ராஸ்ட் சி.டி. என்றாலோ, எம்.ஆர்.ஐ.க்கு கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் போட வேண்டும் என்றாலோ, இ.ஜி.எஃப்.ஆர். எண்ணை நீங்களே முதலில் சொல்லுங்கள். மறதிக்கான எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமாக எந்தக் கான்ட்ராஸ்ட்டும் வேண்டாம்.

கெடுக்காது, சரி, எடுக்கலாமா? அமிலாய்டு பெட் பாசிட்டிவ் என்று வந்தால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிற முதியவர்களிலேயே கணிசமானோருக்கு அமிலாய்டு இருக்கிறது. லெக்கனெமாப், டொனனெமாப் என்ற ஊசிகளைப் போடுவதாக இருந்தால் மட்டுமே அமிலாய்டு இருக்கிறதா என்று உறுதி செய்வது கட்டாயம், அதற்கு இந்த ஸ்கேன் ஒரு வழி. லெக்கனெமாப் 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது என்பது பெரிதாகத் தெரியும், மறதி நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிக்கும் குறைவு. போனது திரும்பாது. மூளை வீக்கம், ரத்தக் கசிவு என்ற பக்கவிளைவுகளுக்காகத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ஏற்கெனவே நுண்கசிவுகள் நாலுக்கு மேல் இருந்தால் கொடுப்பதில்லை. அம்மாவின் ரிப்போர்ட்டில் நுண்கசிவு பற்றி ஒரு வரிகூட இல்லை, நுண்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற எம்.ஆர்.ஐ. வரிசையை எடுத்தார்களா என்று கேளுங்கள். குழாய் நோய் இவ்வளவு இருக்கிற மூளைக்கு இந்த ஊசியை நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். நகையை அடகு வைத்தாவது செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

இந்த ஒரு மாதத்தில்

- எல்லா மாத்திரையையும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கிட்னி டாக்டரிடம் கொட்டுங்கள். "34க்கு இதில் எது கூடாது, எது பாதி?" அந்த ஒரு கேள்வி போதும்.
- விடியற்காலை அம்மா எழுந்து நிற்கும் அந்த நேரத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், பகலில் டாக்டருக்குப் போன்.
- சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சோடியம். காது கேட்பதையும் பரிசோதியுங்கள், டி.வி. சத்தம் அதிகம் வைக்கிறார் என்றீர்களே.
- பிபியை வீட்டிலேயே, உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை எழுதி வையுங்கள். மேல் எண் 130க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, ஆனால் நிற்கும்போது தலைசுற்றி விழும் அளவுக்கு இறக்கக்கூடாது.
- டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கிட்னி மேலும் இறங்குவதை அது மெதுவாக்குகிறது, தனியாகக் கொடுத்தால் தாழ்சர்க்கரை அரிது.

இதெல்லாம் செய்த பிறகு எவ்வளவு திரும்பும்? மாத்திரையாலும் தாழ்சர்க்கரையாலும் வந்த மப்பு ஒன்றிரண்டு மாதத்தில் கலையலாம், பொங்கலுக்கு முன்பு இருந்த அம்மா ஓரளவு வரலாம். ஹிப்போகேம்பஸ் சுருக்கமும் குழாய் சேதமும் திரும்பாது, அவை போகும் வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம். மிச்சம் இருப்பதை அப்போது தமிழில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பெட் ஸ்கேனைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.

"எனக்கு என்னடி ஆச்சு" என்று அம்மா கேட்டால், ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தன்னிடம் ஏதோ நழுவுவதை அவர் கவனித்துவிட்டார், ஒன்றுமில்லை என்றால் அந்தப் பயத்தோடு தனியாக இருக்க வேண்டியதாகிவிடும். காலைக் காபி நேரத்தில், அவர் தெளிவாக இருக்கும்போது, கையைப் பிடித்துக்கொண்டு "ஞாபகம் கொஞ்சம் குறையுதும்மா, சில மாத்திரையாலயும் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு, மாத்திப் பார்க்கலாம், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். அடுத்த நாள் மறுபடி கேட்டால் மறுபடி இதையே சொல்லுங்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம், யாராவது கூடப் போகட்டும், முந்தானை ஓரத்தில் உங்கள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள், பூக்காரம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கடைசியாக அலுமினியம். இந்தப் பயம் வந்ததில் கிட்னிக்கும் பங்கு உண்டு. 1970களில் டயாலிசிஸ் தண்ணீரில் கலந்திருந்த அலுமினியமும், பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுத்த அலுமினிய மருந்தும் சில நோயாளிகளுக்கு மூளையைப் பாதித்தன, தண்ணீரைச் சுத்திகரித்ததும் அது ஏறக்குறைய மறைந்தது. அது அல்சைமர் இல்லை. சமையல் பாத்திரத்தால் அல்சைமர் வருகிறது என்று நிரூபணமாகவும் இல்லை. கிட்னி மந்தமானவர் அலுமினியம் கலந்த ஆன்டாசிட் ஜெல்லைத் தொடர்ந்து குடிக்கக்கூடாது, புளிக்குழம்பை எவர்சில்வரில் வையுங்கள், அவ்வளவு போதும். ஆவியில் இட்லி வேகும் குண்டானால் ஒரு கெடுதலும் இல்லை. முப்பது வருடமாகக் கையாண்ட அந்தக் குண்டானைக் காணாமல் அம்மா மூன்று நாளாக ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளையாக வீசிவிடவில்லை, பரணில்தான் போட்டிருக்கிறீர்கள். இறக்கி, கழுவி, அது இருந்த அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.